நூறு மில்லி

எண்பத்து நாலு டாலருக்கு மூன்று குழாய்.
வெள்ளைப் பெட்டி, அதற்குள் சாம்பல் பெட்டி,
அதற்குள் மெல்லிய தாள்,
தாளைப் பிரித்தால் என் சுண்டுவிரல் நீளத்தில்
ஒன்று, இரண்டு, மூன்று.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

'குறைவே போதும்' என்று மூடியில் அச்சிட்டிருந்தார்கள்,
படிக்கக் கண்ணாடி தேட வைக்கும்
குட்டி எழுத்தில்.

கடையில் இதை என் தலையில் கட்டியவள் பெயர் பிரின்லி.
ஒன்றுமே பூசாத முகம்.
பூசாததுபோல் இருக்க
தினம் நாற்பது நிமிடம் ஆகிறது என்றாள்,
பெருமையாகத்தான்.
நிறம் பொருத்த
என் மணிக்கட்டில் மூன்று கோடு இழுத்தாள்.
மணிக்கட்டு பொய் சொல்லும், பெண்ணே.
பதினோரு வருடமாக
நீலக் கையுறையின் விளிம்பு உரசுகிற இடம் அது,
என் முகத்தைவிட ஒரு படி கருப்பு.
சொல்லவில்லை.
நடுக்கோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று மணிக்கு எழுந்தேன்.
கால்கரியில் இரவோடு இரவாக சினூக் காற்று இறங்கியிருந்தது.
மைனஸ் இருபத்திரண்டு போய் பிளஸ் ஆறு.
கூரையெல்லாம் சொட்டுகிறது,
என் உதட்டோரம் மட்டும்
வற்றின ஏரியின் வண்டல்.
ஒரு பட்டாணி அளவு எடுக்கவும், என்கிறது தாள்.
எந்தப் பட்டாணி?
பச்சையா, வறுத்ததா, ராத்திரி ஊறப்போட்டதா?
ஊறினதாகவே எடுத்துக்கொண்டேன்.

தேய்க்கக் கூடாதாம், தட்ட வேண்டுமாம்.
தோசைக்கல்லில் சூடு பார்ப்பதுபோல்
கன்னத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன்.
மை டப்பாவுக்குப் போன கையை
பாதி வழியில் நிறுத்தினேன்.
பதிமூன்று வயதிலிருந்து மை இல்லாத நாள் இல்லை.
கண்ணாடியில்
காய்ச்சலிலிருந்து எழுந்த யாரோ.
போகட்டும், ஒருநாள்தானே.

தணிகைவேல் புரண்டு படுத்து ஒரு கண்ணைத் திறந்தார்.
"இன்னிக்கு லீவா?"
அவ்வளவுதான், மறுபடி குறட்டை.

நாலாவது வரிசையில் மரிசெல்
என்னைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தாள்.
"மெக்சிகோ போய்வந்தாயா? சொல்லவேயில்லை."
விடியுமுன்னே
எனக்கு இது இரண்டாவது விடுமுறை.

ஐந்தே காலுக்கு ரெஜைனா விமானக் கூட்டம்.
தட்டில் ஒரு பெண்ணின் பை. திரையில் ஒரு குழாய்.
வெளியே எடுத்தேன்: அதே வெள்ளை, அதே குட்டி எழுத்து,
பெரிய அளவு, நூற்றைம்பது மில்லி.
"பாதிதான் இருக்கு" என்றாள்.
உள்ளே இருப்பது கணக்கில்லை அம்மா,
மேலே எழுதியதுதான் கணக்கு.
பதினோரு வருடமாக இதை
ஒரே குரலில் சொல்கிறேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை.
மூடியைத் திறந்தாள்.
கையில், முழங்கையில், கழுத்தில், காதுமடலில்,
காலணியைத்தான் கழற்றியாயிற்றே என்று
காலுறையை இறக்கிக் குதிகாலில்.
பின்னால் நின்ற ஹாக்கி சட்டைப் பையன் கை நீட்டினான்.
அவனுக்குப் பின்னால், தட்டில் தொப்பியை வைத்துவிட்டு நின்ற பண்ணைக்காரர்,
"விரல் மூட்டெல்லாம் வெடிப்பு, கொஞ்சம் விடு."
பட்டாணி இல்லை, எலுமிச்சை அளவு.
கோயிலில் சுண்டலுக்கு நிற்கிற மாதிரி
கைகள், கைகள்.
வரிசை நகரவில்லை.
மேற்பார்வையாளர் பார்க்கிறார் என்று தெரிந்தும்
நான் தட்டுகளை
மெதுவாக அடுக்கினேன்.

என்னிடமும் நீட்டினாள்.
கையுறையைத் தூக்கிக் காட்டினேன்.
அப்போதுதான் என் முகத்தை நின்று பார்த்தாள்,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
"நீயும் இதுதானா?"

யாருக்கும் தெரியாமல் இருக்கப் பூசியது.
"ஆமாம்" என்றேன், "சின்னது."

நசுங்கின குழாயைத் தொட்டியில் போட்டேன்.
எடையே இல்லை.

இடைவேளை பன்னிரண்டு நிமிடம்.
கழிவறைக் கண்ணாடிமுன் கைப்பையைத் துழாவினால்
அடியில் கிடந்தது பழைய மைப் பென்சில்.
இடது கண்ணுக்கு எழுதி முடித்தேன்.
வயர்லெஸ்ஸில் என் பெயர்: நாலாவது வரிசை, உடனே.

ஒன்பது மணிவரை
ஒற்றைக் கண்ணில் மையோடு
ஊர்பேர் தெரியாதவர்களின் பைகளுக்குள்
பார்த்துக்கொண்டிருந்தேன்.